விற்ற வண்டி யார் பெயரில்? (கேள்வி-பதில்)

கே: அப்பா 2001-ல் வாங்கிய சான் ஸ்டார்ம், கூரை மடக்கும் இரண்டு சீட் கார், தார்ப்பாய் போட்டு நிற்கிறது. "விண்டேஜ் வண்டி, நல்ல ரேட் போகும்" என்கிறார் புரோக்கர். என்ன விலை சொல்லலாம்? – கோவை

ப: விளம்பரத்தில் 'விண்டேஜ்' என்று போட்டுவிடாதீர்கள். 2021 விதிப்படி முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருக்கும் வண்டிதான் விண்டேஜ். உங்களுடையது பழைய கார். ஆனால் அபூர்வமானது. பெங்களூரு சான் நிறுவனம் 1990-களின் கடைசியில் கொண்டுவந்தது, அதிகம் விற்காமலே நின்றுபோனது.

இதற்கு மார்க்கெட் ரேட் என்று ஒன்று கிடையாது. வருகிறவர் முதலில் ஆர்.சி.யைத்தான் கேட்பார். பதிவின் 15 வருடக் கெடு 2016-லேயே முடிந்திருக்கும். புதுப்பிக்கவில்லை என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டு நீட்டித்துவிட்டு விலை பேசுங்கள்.

எஞ்சின் ரெனோவின் 1.2 லிட்டர், அதற்கு வெளிநாட்டிலிருந்து பார்ட்ஸ் வரவழைக்கலாம். முன்கண்ணாடி, கதவு ரப்பர் போனால் போனதுதான். அப்பா சேர்த்துவைத்த உதிரிகள், சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி பரணில் இருந்தால் இறக்குங்கள், அதெல்லாம் காசு. ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, அடியில் உள்ள இரும்பு பிடிக்கும். வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள். மறைத்தால், வந்து குனிந்து பார்க்கிறவர் அங்கேயே பாதி விலைக்குக் கேட்பார்.

கே: விற்பதற்கு முன் புதுசாகப் பெயிண்ட் அடிக்கலாமா? – சேலம்

ப: வேண்டாம். பளபளப்பைப் பார்த்து நான் வாங்கிய ஸ்கூட்டரில் தகரத்தைவிட, பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டிதான் அதிகம். இப்போது புதுப் பெயிண்டைக் கண்டாலே விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறேன். உங்களிடம் வருகிறவரும் தட்டுவார்.

கே: என் கணவரின் பழைய டால்ஃபின் காரை விற்றேன். புரோக்கர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். இப்போது விபத்து வழக்கில் எனக்கு நோட்டீஸ். – ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

ப: அம்மா, வண்டியை யார் ஓட்டினார் என்றே உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸைக் கிடப்பில் போடாமல் வக்கீலைப் பாருங்கள். டெலிவரி நோட், பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கொடுங்கள். வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். புரோக்கர் மீது போலீஸில் புகாரும் எழுதுங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாத அந்தத் தாளோடு வண்டி மூன்று நாலு கை மாறும். ஒவ்வொரு தடவையும் புரோக்கருக்குக் கமிஷன், பெயர் மாற்றும் செலவும் மிச்சம். வில்லங்கம் மட்டும் விற்றவர் வீட்டு வாசலுக்கு வரும். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து இன்னொரு வழியும் உண்டு. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை விட்டு 29சி படிவத்தில் தெரிவித்தால், அதன் பிறகு பொறுப்பு டீலர் தலையில். "அங்கீகாரச் சான்றைக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுவார்கள்.

கே: ராணுவ அதிகாரி, அவசர இடமாற்றம் என்று சொல்லி ஸ்போர்ட்ஸ் கார் படம் அனுப்பினார். 40,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டேன். ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். – மதுரை

ப: உங்களுக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. வண்டியைத் தொடவில்லை, எஞ்சின் சத்தம்கூடக் கேட்கவில்லை, பணம் மட்டும் போய்விட்டது. இந்த ராணுவ அதிகாரி கதை எத்தனை தடவை பேப்பரில் வந்தாயிற்று, தம்பி! சரி, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்வோம். பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு ஃபோன் செய்து பரிவர்த்தனை எண்ணைச் சொல்ல வேண்டும், பேங்கிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் உண்டு.

கே: அமெரிக்காவில் மச்சான் டெலோரியன் கார் பார்த்து வைத்திருக்கிறார். இங்கே கொண்டுவரலாமா? – சென்னை

ப: முடியாது. பழைய கார் இறக்குமதிக்கு மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங்கும் வலப்பக்கம் வேண்டும். டெலோரியன் 1980-களின் தொடக்கத்தில் வட அயர்லாந்தில் செய்தது, ஸ்டியரிங் இடப்பக்கம். விண்டேஜ் என்று கொண்டுவர 50 வயதும் ஆகவில்லை. பொம்மை மாடலுக்குத் தடையில்லை.