சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போகுமுன் பிள்ளையிடம் என்ன சொல்வது?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, 16 கிலோ. கவட்டு ஹேர்னியாவுக்கு (குடலிறக்கம்) இன்னும் பத்து நாளில் சத்திரசிகிச்சை. ஊசியைக் கண்டாலே கத்துவான். மாரி காலத்தில் முட்டு வரும், பம்ப் எடுக்கிறவன். "ஒண்டும் சொல்லாம கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள் வீட்டில். எனக்கே நித்திரை இல்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் பை அடுக்கும்போதே ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏதோ நடக்கப் போகிறது என்று விளங்கிவிடும். கடற்கரைக்கு என்று சொல்லி வாட்டில் கொண்டுபோய் விட்டால், அதற்குப் பிறகு மருந்து கட்டுவதற்கும் தையல் பார்ப்பதற்கும் உங்கள் சொல்லை அவன் நம்ப மாட்டான்.

இன்றே சொல்லவும் வேண்டாம். பத்து நாள் அதையே நினைத்துப் பயந்துகொண்டிருப்பான். மூன்று நாளுக்கு முன் பகலில் சொல்லுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் அல்ல. "உன்ர கவட்டில வீங்குற இடத்த டொக்டர் சரியாக்கப் போறார். அதுக்கு நித்திரை வர ஒரு மருந்து தருவாங்க. அந்த நித்திரை ராவு நித்திரை மாதிரி இல்ல. டொக்டர் வேலை முடிக்கிற வரைக்கும் உனக்கு ஒண்டும் தெரியாது, நோகாது. முடிஞ்ச பிறகு முழிப்பு வரும்." இவ்வளவு போதும். "நித்திரையாக்கி" என்று மட்டும் சொன்னால் நடுவில் முழித்துவிடுவேனோ என்று பயப்படும் பிள்ளைகள் உண்டு, அன்றிரவே படுக்க மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. வெட்டுவது, தைப்பது என்ற பேச்சு அவனுக்கு வேண்டாம். கேட்டால் மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

ஊசி வலிக்காது என்று சொல்லாதீர்கள். கிள்ளுவது மாதிரி நோகும், பத்து எண்ணி முடிக்க முதல் போய்விடும் என்று சொல்லுங்கள். தோலை மரக்கச் செய்யும் கிரீம் இருக்கிறதா என்று வாட்டில் கேளுங்கள். ஊசி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது அதைப் புறங்கையில் பூசி மூடி வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் பூசிப் பலனில்லை.

சில பிள்ளைகளுக்கு ஊசிக்குப் பதிலாக முகமூடி வழியாக வாயு கொடுத்தும் மயக்குவார்கள். உங்கள் மகனின் ஸ்பேசரில் (பம்பில் பொருத்தும் குழாய்) முகமூடி இருந்தால் அதுவே நல்ல ஒத்திகை. பொம்மைக்கு வைத்து விளையாடட்டும், பிறகு தன் முகத்தில் வைத்துப் பத்து மூச்சு எடுக்கட்டும். எந்த முறை என்பதை மயக்க மருந்து வைத்தியர்தான் தீர்மானிப்பார்.

பிள்ளை அமைதியாக இருக்கட்டும் என்று வீட்டிலேயே தடிமனுக்குக் கொடுக்கும் பிரிற்றன் பாணி பருக்கிவிட்டுக் கூட்டிவரும் வழக்கம் இருக்கிறது. பார்மசியில் யாரோ சொல்லிக் கொடுப்பதுதான். செய்யாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அது நித்திரையைத் தராமல் துள்ளலைத் தரும். மயக்க மருந்தோடு சேர்ந்தால் முழிப்பு வரத் தாமதமாகும், வைத்தியருக்கோ காரணம் தெரியாது. பயம் தணிக்கும் மருந்து உண்மையில் தேவைப்பட்டால், தியேட்டருக்கு அரை மணி நேரம் முன் வாட்டிலேயே வாயால் கொடுப்பார்கள். அதைக் கேளுங்கள்.

பட்டினி விஷயம். சோறு, பிஸ்கட், பால், பால் தேத்தண்ணி எல்லாம் மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன் நிறுத்த வேண்டும். பால்மா ஒரு கரண்டி விட்டாலும் அது பால்தான். பச்சைத் தண்ணீரும் பிளேன்ரீயும் 2 மணி நேரம் முன்வரை கொடுக்கலாம். ஆனால் "ராவு 12 மணிக்குப் பிறகு ஒண்டும் குடுக்காதீங்க" என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பகல் ஒரு மணிக்குத்தான் உள்ளே போகும் பிள்ளையும் நா வறண்டு கிடக்கும். தண்ணீர் வற்றிய பிள்ளை சிணுங்கும், நரம்பு பிடிபடாது, இரண்டு மூன்று தரம் குத்த வேண்டிவரும். லிஸ்ற்றில் மகன் எத்தனையாவது, தண்ணீர் எத்தனை மணி வரை என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லிஸ்ற் பிந்தினால் திரும்பவும் கேளுங்கள்.

பம்ப் மட்டும் இதில் சேராது. வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்று பம்பையும் நிறுத்திவிடுகிறார்கள். பம்ப் மருந்து சுவாசப்பைக்குப் போவது, அதற்கும் பட்டினிக்கும் தொடர்பில்லை. தினமும் எடுக்கும் பம்பைச் சத்திரசிகிச்சை நாள் காலையிலும் வழக்கம்போல் கொடுங்கள், வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். முட்டு வந்தால் மட்டும் எடுக்கும் பம்ப் என்றால் தியேட்டருக்கு முன் கொடுக்கவா என்று மயக்க மருந்து வைத்தியரிடம் கேளுங்கள். பம்பையும் ஸ்பேசரையும் பையில் அடியில் வைக்காமல் கையிலேயே கொண்டுபோங்கள். ஆடும் பல் இருந்தாலும் சொல்லுங்கள்.

தடிமன், காய்ச்சல், சளி இருமல், முட்டு இவற்றில் எது வந்தாலும் மறைக்காதீர்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய் மயக்கத்தில் சட்டென்று இறுகும், முட்டு உள்ள பிள்ளைக்கு அது இன்னும் கூட. அதனால்தான் சில கிழமை தள்ளிப்போடுகிறார்கள். தாய்மார் ஏன் மறைக்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த திகதி அது. போனால் எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பயத்தை வைத்துத்தான் வாசலில் நிற்கும் புறோக்கர் பிழைக்கிறான். "திகதிய முன்னுக்கு எடுத்துத் தாறன்" என்பான். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம், திகதியைத் தீர்மானிப்பவர் சத்திரசிகிச்சை நிபுணர். பற்றுச்சீட்டு இல்லாமல் யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். கிளினிக் கொப்பியோடு கிளினிக் நாளில் போய்ப் பொறுப்புத் தாதியிடம் புதுத் திகதி கேளுங்கள், அதைக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

அதே ஆள்தான் "கொழும்புக்குக் கொண்டு போனாத்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு, வேன் நான் பிடிச்சுத் தாறன்" என்றும் வருவான். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஓட்டம், பிறகு தனியார் வைத்தியசாலைக் கட்டணம். மகனுக்குச் சிறுவர் நிபுணர் தேவை என்றால் வைத்தியரே கடிதம் எழுதி மாற்றுவார். கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் அரசாங்கத்தினதுதான், புறோக்கர் தேவையில்லை.

சம்மதப் படிவம் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருந்தால் விளங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. திருகோணமலையில் இருந்துகொண்டு ஒரு தாய் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருப்பது பெரிய அநியாயம். உங்கள் நித்திரையைக் கெடுக்கும் கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போய் அதே நேரத்தில் கேளுங்கள். தாயின் நடுக்கத்தைப் பிள்ளை முகத்திலேயே படித்துவிடும். உங்கள் அழுகை அடங்காவிட்டால் தியேட்டர் வாசல்வரை தகப்பன் போகட்டும்.

கோயில் நூல், அரைஞாண், சங்கிலி எல்லாம் கழற்றச் சொல்வார்கள். முதல் நாளே கழற்றி, "அம்மாட்ட இருக்கு, பிறகு கட்டுவம்" என்று சொல்லி வையுங்கள். தியேட்டர் வாசலில் வைத்து நூலை வெட்டினால் அதற்கே அழுவான். உங்களை உள்ளே விடுவார்களா என்று முன்பே கேட்டு, நடக்கக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். வாட்டில்தான் நிற்க முடியும் என்றால் "முழிச்சு வாட்டுக்கு வரக்குள்ள அம்மா நிற்பன்" என்று சொல்லி, ஒரு முத்தம் கொடுத்துத் திரும்பிவிடுங்கள். விடைபெறுவதை நீட்ட நீட்ட அழுகையும் நீளும்.

முழிக்கும்போது சில பிள்ளைகள் உங்களையே அடையாளம் தெரியாதவர்கள்போல் உதைப்பார்கள், கத்துவார்கள். மயக்க வாயு போகும் நேரத்தில் அப்படி நடக்கும், பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கும். விழாமல் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசுங்கள், பிறகு அவனுக்கு அது நினைவிருக்காது. நோவுக்கு முதுகின் அடியில் மரப்பு ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால் பாரமாக இருக்கும். தனியே நடக்க விடாதீர்கள்.

வீட்டில் பரசிட்டமோல் பாணி ஒரு தரத்துக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 16 கிலோவுக்கு 240, அதாவது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 10 மில்லிலீற்றர். போத்தலைப் பாருங்கள், 250 உள்ளதும் விற்கிறார்கள். ஆறு மணிக்கொரு தரம், நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் வேண்டாம். தியேட்டரில் அதே மருந்தை மலவாசலால் வைத்திருக்கவும் கூடும். கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டே வீட்டுக்கு வாருங்கள்.

இந்தப் பத்து நாளுக்குள் அந்த வீக்கம் கல்லுப்போல் இறுகி, உள்ளே போகாமல், பிள்ளை அழுது சத்தி எடுத்தால் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். குடல் சிக்கியிருக்கலாம். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல், இரவென்றாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.