வாசகர் கேள்வி – பதில்: நீராவியில் ஓடும் டாங்கி

கேள்வி: முதல் உலகப் போரில் ஓடிய பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கியின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல் என்னிடம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினே வராத ஓர் உலகத்தைக் கற்பனை செய்து, அதை நீராவி டாங்கியாக மாற்ற விரும்புகிறேன். பல்சக்கரங்களையும் செப்புக் கம்பிகளையும் ஒட்டிப் பார்த்தேன், நம்பும்படியாக இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், சேலம்

பதில்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஒரு கிலோ நிலக்கரி எரிவதற்குள் கொதிகலன் அதைப் போல ஆறேழு மடங்கு தண்ணீரை ஆவியாக்கிவிடும் என்பதால், நீராவி வண்டியில் கரியைவிடத் தண்ணீருக்கே அதிக இடம் தேவைப்படுகிறது. மார்க் 4-இல் பெட்ரோல் தொட்டி உடலுக்கு வெளியே, பின்புறம் நீண்டிருக்கும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் பாகத்தை ஒட்டாமல் விட்டுவிட்டு, அங்கே பிளாஸ்டிக் தகட்டால் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றைச் செய்து, மேலே மூடியும் பக்கத்தில் சுருட்டிய உறிஞ்சு குழாயும் வையுங்கள். அக்காலத்துச் சாலை நீராவி எஞ்சின்கள் வழியிலுள்ள குளங்களில் தண்ணீர் எடுக்க இத்தகைய குழாயை உடன் கொண்டு சென்றன.

அடுத்தது புகைபோக்கி. கூரை நடுவில் அதை நிறுத்தத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் சேற்றில் சிக்கினால் வண்டியை மீட்பதற்கான கனமான மரக்கட்டை, சங்கிலிப் பட்டைகளில் பிணைக்கப்பட்டு, கூரைமேல் உள்ள தண்டவாளங்களின் வழியே குறுக்காக நகர்ந்து வரும். நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கி அதற்குத் தடையாகும். ஆகவே அடியில் கீல் வைத்து, படுக்க வைக்கக்கூடியதாகச் செய்யுங்கள். பாலங்களுக்கு அடியில் செல்லும் நீராவிப் படகுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. 25 செ.மீ. விட்டமுள்ள புகைபோக்கி உங்கள் அளவில் சுமார் 7 மி.மீ. வரும். பேனா ரீஃபில் குழாயைப் பயன்படுத்த வேண்டாம். பெரும்பாலான ரீஃபில்களின் பிளாஸ்டிக்கில் மாடல் பசை பிடிக்காது. பித்தளைக் குழாயும் சூப்பர் க்ளூவும் போதும். எதையும் சுழற்றாத பல்சக்கரங்களை எடுத்துவிடுங்கள். அவைதான் பார்ப்பவரின் நம்பிக்கையைக் கெடுக்கின்றன.

கேள்வி: இப்படி ஒரு வண்டி உண்மையிலேயே இருந்ததா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இருந்தது. 1918-இல் அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள், பிரிட்டிஷ் டாங்கியின் சாய்சதுர வடிவத்தைப் பின்பற்றி, மண்ணெண்ணெயில் எரியும் கொதிகலன்களும் இரண்டு நீராவி எஞ்சின்களும் கொண்ட டாங்கியைக் கட்டி, பாஸ்டன் நகரில் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். ‘அமெரிக்கா’ என்று பெயரிடப்பட்ட அதன் முக்கிய ஆயுதம், முன்புறம் இருந்த தீப்பிழம்பு வீசி. இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து 500 குதிரைத்திறன் தந்தன. மார்க் 1-இன் பெட்ரோல் எஞ்சின் தந்ததோ 105 மட்டுமே. அதற்கும் முன்பு, கிரிமியப் போர்க் காலத்தில் ஜேம்ஸ் கோவன் என்பவர் நீராவிக் கவச வண்டி ஒன்றை முன்மொழிந்தார். பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. கற்பனை வரலாறு படைக்க விரும்புவோருக்கு இவ்விரண்டும் உறுதியான அடித்தளம்.

கேள்வி: வண்ணம் பூசும்போது நீராவி வண்டிக்கென்று தனியாக என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: கொதிகலன் மூட்டுகளிலும் வால்வுகளுக்குக் கீழேயும், கடின நீர் கசிந்து காய்ந்த உப்புப் படிவைப் போல, மெல்லிய வெள்ளைக் கோடுகளை இழுங்கள். புகைக்கரியைப் புகைபோக்கியின் வாயிலும், அதற்குப் பின்னால் உள்ள கூரையிலும் மட்டும் தடவுங்கள். வண்டி முழுவதும் கருத்துப்போனால் எதுவும் தனித்துத் தெரியாது. சிலிண்டர்களைச் சுற்றி எண்ணெய்ப் பளபளப்பு இருக்கட்டும். கரிப்பெட்டிக்கு வண்ணம் தேவையில்லை. அடுப்புக்கரியைப் பொடித்து, நீர்த்த வெள்ளைப் பசையில் ஒட்டினாலே போதும்.