விழித்திரை நோய் இருப்பவர் ட்ரெட்டினோயின் க்ரீம் போடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஸ்டார்கார்ட் நோய் (நடுப்பார்வையைக் கெடுக்கும் பரம்பரை விழித்திரை நோய்) இருக்கிறது. வைட்டமின் ஏ மாத்திரை பக்கமே போகக் கூடாது என்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இப்போது முகப்பருவுக்காகத் தோல் மருத்துவர் 0.025 சதவீத ட்ரெட்டினோயின் க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் வைட்டமின் ஏ வகைதான் என்று டியூபோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. மருந்துக்கடைக்காரரோ கண்ணில் கோளாறு இருந்தால் இதைத் தொடவே வேண்டாம் என்கிறார். இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: போடலாம். இந்த க்ரீமால் உங்கள் விழித்திரைக்கு ஆபத்து இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் நோயில், பார்வைக்காக விழித்திரை பயன்படுத்தும் வைட்டமின் ஏ-யின் கழிவு சரியாக வெளியேறாமல் தேங்குகிறது, ஏபிசிஏ4 என்ற மரபணுவில் உள்ள பழுதுதான் காரணம். அதனால்தான் மேற்கொண்டு மாத்திரையாக ஏற்றாதீர்கள் என்கிறோம். ட்ரெட்டினோயின் அந்தக் குடும்பம்தான், ஆனால் அது ரெட்டினோயிக் அமிலம், அதாவது வைட்டமின் ஏ உடம்பில் மாறி மாறிப் போய் நிற்கும் கடைசி வடிவம். அங்கிருந்து அதைத் திருப்பிக் கண்ணுக்கு வேண்டிய வடிவமாக மாற்ற உடம்பால் முடியாது. அதோடு முகத்தில் தடவியதில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதே ஒன்றிரண்டு சதவீதம்தான். ரெட்டினோயிக் அமிலம் உங்கள் ரத்தத்தில் ஏற்கனவே இயல்பாக இருக்கிறது, அந்த அளவை இது பெரிதாக அசைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், சீட்டே இல்லாமல் வாங்கும் ரெட்டினோல் சீரம்தான் கண் பயன்படுத்தும் வடிவத்துக்கு இதைவிட நெருக்கம், அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை! (அதிலும் உள்ளே போகும் அளவு அற்பம்தான், விடுங்கள்.) சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, அதன் டப்பாவைத் திருப்பி ரெட்டினோல், ரெட்டினைல் பால்மிடேட் என்று (இரண்டும் வைட்டமின் ஏ-தான்) இருக்கிறதா என்று பாருங்கள். கவலைப்பட வேண்டிய இடம் அது.

சர்க்கரை நோயால் வந்த விழித்திரைப் பாதிப்பு, வயதானால் வரும் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவு, ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய், விழித்திரைக் கிழிசலுக்கு லேசர் செய்துகொண்டவர்கள், எல்லோருக்கும் க்ரீமைப் பொறுத்தவரை இதே பதில்தான்.

ஆனால் மாத்திரை வேறு கதை. ஐசோட்ரெட்டினோயின் என்று ஒன்று இருக்கிறது, கடுமையான முகப்பருவுக்கு வாய்வழியாகக் கொடுப்பது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், எழுதுகிறவரே அவசரத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அது உடம்பு முழுக்கப் போகிறது, இருட்டில் பார்க்க உதவும் நிறமியைக் கண் மறுபடி உண்டாக்குவதைத் தாமதப்படுத்துகிறது. நல்ல கண் உள்ளவர்களுக்கே சிலருக்கு மாலைக்கண் போல ஆகிவிடும், பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும். ஏற்கனவே விழித்திரை நோய் உள்ளவர் விழித்திரை மருத்துவரைக் கேட்காமல் அதை ஆரம்பிக்கவே கூடாது. முகப்பருவுக்கே கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரையோடு சேர்த்தும் கூடாது, மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு வீங்கலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஸ்டார்கார்ட் போன்ற நோயுள்ள எலிகளில் இதே ஐசோட்ரெட்டினோயின் கழிவு தேங்குவதைக் குறைத்ததாக 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது இது உங்களுக்கு மருந்து என்று சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். எலிக்குச் செய்தது எலிக்கு.

சரி, இப்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். ட்ரெட்டினோயின் வாங்கப் போனால் கவுண்டரில் இருப்பவர் “இதைவிட நல்லது இருக்கிறது, சீக்கிரம் கேட்கும்” என்று வேறொரு டியூபை எடுத்து நீட்டுவார். அதில் ட்ரெட்டினோயினோடு தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும் ஒரு ஸ்டெராய்டும் கலந்திருக்கும். மருத்துவர் கண்காணிப்பில் குறைந்த நாட்களுக்கு மங்குவுக்குப் போட வேண்டிய கலவை அது, முகம் பளிச்சென்று ஆகிறது என்பதால் மாதக்கணக்கில் விற்கிறார்கள். அழகு நிலையங்களில் பெயர் ஒட்டாத டப்பாவில் கொடுப்பது இன்னும் மோசம், உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது. மெல்லிய இமைத் தோல் வழியாக ஸ்டெராய்டு நாள்பட உள்ளே போனால் கண் அழுத்தம் ஏறும், வலி எதுவும் இருக்காது, நரம்பு கெட்ட பிறகுதான் தெரியும். கண்புரையும் வரலாம். சிலருக்கு மாக்குலாவுக்கு அடியில் நீர் கோத்து நடுப்பார்வை மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும். தோலில் தடவிய ஸ்டெராய்டாலும் இப்படி வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஏற்கனவே மாக்குலா பலவீனமான உங்களுக்கு இதெல்லாம் தேவையா? டியூபின் பின்பக்கம் மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று எந்த ஸ்டெராய்டு இருந்தாலும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேருக்கு ஒரு க்ரீம், கண்ணுக்கு உலை.

அந்த டியூப் தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வைட்டமின் ஏ என்று போட்டுப் பயமுறுத்துகிறவர்கள், இதனால் விழித்திரைக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? தோல் மருத்துவர் கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை, கண் மருத்துவர்களான நாங்கள் முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்பதில்லை, நடுவில் கடைக்காரர் மருத்துவராகிவிடுகிறார்.

க்ரீமால் கண்ணுக்கு வரக்கூடிய தொல்லை வெளிப்பக்கம்தான். இமை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, ட்ரெட்டினோயின் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ குடும்ப மருந்து) அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, கண் உலர்ந்து எரியும். அதனால் இரவில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு விளிம்புக்கு வெளியே மட்டும் தடவுங்கள், இமையில் வேண்டாம். கையைக் கழுவிவிட்டு மற்ற வேலை. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பகலில் வெயிலுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், அது உங்கள் விழித்திரைக்கும் நல்லதுதான். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ க்ரீமும் வேண்டாம், தோல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கட்டம் போட்ட தாளைப் பாருங்கள், அப்புறம் கண்ணை மாற்றிப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகக் கோடு வளைந்தாலோ, நடுவில் புதிதாக ஒரு திட்டு தெரிந்தாலோ, மின்னல் வெட்டு போல வந்தாலோ, க்ரீம்தான் காரணம் என்று அதை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அது நோய் நகர்வதாக இருக்கலாம், அன்றே விழித்திரை மருத்துவரிடம் போங்கள், முகத்தில் போடும் எல்லா டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு.