மணலைச் சுத்தம் பண்ண மஞ்சள் கடல் அட்டையா, கறுப்புக் கடல் அட்டையா?

வணக்கம் நண்பரே. சிங்கப்பூர்ல 300 லிட்டர் உப்புத்தண்ணித் தொட்டி, மணல் மேல அழுக்குப் படியுது, கடையில மஞ்சள் கடல் அட்டையும் (sea cucumber), முதுகு கறுப்பு அடிவயிறு இளஞ்சிவப்பா இன்னொண்ணும் இருக்கு, எதை வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க.

மஞ்சளை விட்டுடுங்க. அது பாறையில ஒட்டிக்கிட்டு, தண்ணியில மிதக்கிறதை வடிகட்டித் தின்கிற வகை. மணலைத் தொடாது, வீட்டுத் தொட்டியில பெரும்பாலும் பட்டினியில சுருங்கிச் சாகும், பாவம்.

கறுப்புதான் மணல் தின்னி. வாயைச் சுத்தியிருக்கிற குட்டைக் கைகளை மணல்ல ஒத்தி ஒத்தி எடுத்து உள்ளே தள்ளும். பின்னாடி சுத்தமான மணல் சின்னச் சின்ன உருளையா வெளியே வரும். கடைத் தொட்டியில அந்த உருளைகள் கிடந்தா, நல்லாத் தின்னுதுன்னு நம்பி வாங்கலாம். ஒண்ணு போதும், ரெண்டு விட்டா சாப்பாடு பத்தாது. மணலும் பொடி மணலா இருக்கணும்.

அதைவிட முக்கியம், அலை மோட்டார், பம்பு எல்லாத்தோட உறிஞ்சும் வாய்க்கும் முதல்ல ஸ்பாஞ்ச் மாட்டுங்க. அட்டை கண்ணாடியில ஏறி அங்கே போய்ச் சிக்கி நசுங்கினா, ஹோலோதூரின்ங்கிற நஞ்சு கலந்து மீன் மொத்தமும் போயிடலாம். அப்படி ஆனா உடனே தண்ணியைப் பெருமளவு மாத்தி, நஞ்சை உறிஞ்சுற ஆக்டிவேட்டட் கார்பன் போடணும். இப்பவே ஒரு பாக்கெட் வாங்கி வச்சிருங்க.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவங்க கவனிங்க: இந்தியாவில 2001-லிருந்து கடல் அட்டைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கு. யார் வித்தாலும் வாங்காதீங்க. மணலைக் கிளற நசாரியஸ் நத்தைகள் போதும்.