மைதானத்துக்குப் போனால் மகன் முறைக்கிறான்!

கேள்வி: என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மகன் பத்தாம் வகுப்பு. ஊர் இளைஞர் மன்றத்தில் சேர்ந்து சாயங்காலம் கபடி ஆடுகிறான். ரத்ததான முகாம், கடற்கரையில் குப்பை பொறுக்குவது என்றும் போகிறான். ஆசையாகப் பார்க்கப் போன நான், “இவனை ஏன் முதல் ஏழு பேரில் இறக்கவில்லை?” என்று பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவருக்கோ, படிப்பு கெடுகிறது என்று கோபம். நான் எப்படித்தான் துணையாக இருப்பது?
– ஒரு தாய், மண்டபம்

பதில்: சகோதரி, பையன் கோபம் நியாயம்தான். அவனாகத் தேடிச் சேர்ந்த இடம் அது. அங்கேயும் அம்மா வந்து சிபாரிசு செய்தால் கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? யார் இறங்குவது, யார் வெளியே உட்காருவது என்பதை இனிமேல் கேட்காதீர்கள். வருத்தம் இருந்தால் அவனே மன்றத்து அண்ணன்மாரிடம் பேசட்டும்.

நீங்கள் வாய் திறக்க வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது: எடை. கபடியில் வயதோடு எடையும் பார்த்து நடத்தும் போட்டிகள் உண்டு. 55 கிலோ பிரிவு என்றால் அதற்குள் நிற்பதற்காக, முதல் நாளே சோறு தண்ணீரை விட்டுவிட்டு வெயிலில் ஓடும் பையன்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஆட்டத்தில் தசை பிடிக்கிறது, தலை சுற்றுகிறது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் இது விளையாட்டில்லை. போட்டித் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த வாரம் அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, தண்ணீர் குடிக்கிறானா என்று பாருங்கள். எடை கூடினால் அடுத்த பிரிவில் ஆடட்டும் என்று பயிற்சியாளரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இதற்கு மகன் முறைத்தால் முறைக்கட்டும்.

வெளியூர்ப் போட்டிக்கு எப்படிப் போகிறார்கள் என்றும் விசாரியுங்கள். ஒரே பைக்கில் மூன்று பேராகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறப்பதெல்லாம் நடக்கிறது. 18 வயது ஆகாத பிள்ளை சட்டத்தை மீறி வண்டி ஓட்டினால், 2019-இல் வந்த திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. நாலைந்து வீட்டார் பேசி, வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளோடு கூடப் போகும் பெரியவர் யார், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இது எல்லாப் பிள்ளைகளுக்குமான ஏற்பாடு என்பதால் உங்கள் மகனை யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

ரத்ததானம்? 18 வயது முடியாமல் கொடுக்க முடியாது. அதுவரை நாற்காலி தூக்கட்டும், வருகிறவர்களுக்கு ஜூஸ் கொடுக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான். அப்போது ஒரு சாயங்காலம் அவரை ஆட்டம் பார்க்க அனுப்புங்கள். தனியாகவே போகட்டும், நீங்கள் கூடப் போனால் பையனுக்குப் பழசு ஞாபகம் வரும்! படிப்பைப் பற்றிய அவர் பயத்தையும் தள்ளிவிட முடியாது, பொதுத்தேர்வு வருடம். ஜனவரிக்கு மேல் வெளியூர்ப் போட்டி கிடையாது, உள்ளூரில் தினம் ஒரு மணி நேரம் ஆடிக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து இப்போதே பேசி முடியுங்கள். போட்டி நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் முடியும்.