லாரி மோதினால் கதை முடியுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் சிறுகதையில் முரண் என்றால் என்ன என்று விளக்கிவிட்டு, ஆளுக்கொரு கதை எழுதிவரச் சொன்னேன். பெரும்பாலோர் அடிதடியை எழுதினார்கள். மீதிப்பேர் கதாநாயகன் மீது லாரியை மோதவிட்டார்கள். எங்கே தவறினேன்?
— தமிழாசிரியை ஒருவர்

பதில்: முரண் என்ற சொல்லைக் கேட்டதும் இருவர் மல்லுக்கு நிற்பதாகத்தான் மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆகையால் முதல் வகுப்பில் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதவே வேண்டாம். ‘இவருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? கிடைக்காவிட்டால் எதை இழப்பார்?’ என்ற மூன்று கேள்விகளோடு ஒரு சூழலை மட்டும் கொடுங்கள்.

ஒரு மாணவிக்கு விடைத்தாள் திரும்பி வருகிறது. தாளின் தலைப்பில் சிவப்பு மையில் 91 என்று இருக்கிறது. அவள் கூட்டிப் பார்த்தால் 86தான் வருகிறது. வகுப்பில் அவளே முதலிடம். 89 வாங்கிய அவளுடைய தோழி இரண்டாமிடம். இங்கே யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் முதலிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஆசையும், தனக்கு உரிமையில்லாத இடத்தில் நிற்கக் கூசும் மனமும் ஒரே பெண்ணுக்குள் மோதத் தொடங்கிவிட்டன.

இனி மாணவர்களை ஆளுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லி, ஒவ்வொரு வரியும் முடிச்சை இறுக்குகிறதா, தளர்த்துகிறதா என்று வகுப்பையே தீர்ப்புச் சொல்ல விடுங்கள். ‘அப்பா அதற்குள் உறவினர் எல்லோருக்கும் செய்தி சொல்லிவிட்டார்’ என்றால் முடிச்சு இறுகும். ‘வெளியே மழை பெய்தது’ என்றால் ஒன்றும் ஆகாது. ‘தோழி அவள் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்று ஒருவர் சொன்னால், அதுவரை மனத்துக்குள் இருந்த முரண் அந்தக் கணமே வெளியே வந்துவிடும். அகமுரண், புறமுரண் என்ற பெயர்களை அப்போது சொல்லிக்கொடுத்தால் போதும்.

கேள்வி: உச்சக்கட்டம் என்பது எதிர்பாராத திருப்பம்தானே? கதையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டப் பாடக்குறிப்பில் உள்ள முக்கோணப் படத்தில் அது நடுவில் இருக்கிறது. நான் படிக்கும் கதைகளிலோ கடைசியில்தான் வருகிறது. எது சரி?
— கல்லூரி மாணவர்

பதில்: படத்தை முதலில் பார்த்துவிடுவோம். அது ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃபிரைடாக், 1863இல் வெளியான தம் நாடக இலக்கண நூலில் வகுத்த அமைப்பிலிருந்து வந்தது. அவர் கணக்கில் கொண்டது ஐந்து அங்க நாடகம். அதனால் உச்சி நடுவில் விழுந்தது. சில பக்கங்களில் முடிந்துவிடும் சிறுகதைக்கு அவ்வளவு நீண்ட இறக்கம் தேவைப்படுவதில்லை என்பதால், முக்கோணத்தின் உச்சியை வலப்பக்கம் நன்றாகத் தள்ளி வரைந்துகொள்ளுங்கள்.

திருப்பம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேலே சொன்ன மாணவி, எல்லோரும் வெளியேறிய பிறகு தாளோடு ஆசிரியரின் மேசையருகே நிற்கிறாள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே ‘என்னம்மா?’ என்கிறார். அதற்கு அவள் சொல்லும் பதில்தான் உச்சக்கட்டம். ‘கூட்டல் தப்பா இருக்கு சார்’ என்றாலும் சரி, ‘ஒண்ணுமில்ல சார்’ என்று திரும்பிவிட்டாலும் சரி, அவள் பழைய இடத்துக்கு இனிப் போக முடியாது. ஆசிரியரே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார் என்று முடித்தால் வாசகர் வியக்கலாம். ஆனால் அவளுக்குள் நடந்த போராட்டத்தை வேறொருவர் வந்து கலைத்துவிட்டார் என்பதே என் கருத்து. விபத்துகளும் திடீர் மரணங்களும் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. எழுதுபவர் முடிவெடுக்க அஞ்சும் இடத்தில் லாரி வந்துவிடுகிறது.

கேள்வி: நம் மரபில் இதற்கு இணையான சிந்தனை உண்டா?
— வாசகர் ஒருவர்

பதில்: நாடகத்தைப் பொறுத்தவரை உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், நாடகப் பொருள் வளரும் நிலைகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாகக் கூறி, அவற்றைப் பயிர்த்தொழிலோடு ஒப்பிடுகிறார்: உழுத நிலத்தில் விதை முளைப்பது, இலைவிட்டு நாற்றாவது, கருக்கொள்வது, கதிர் முற்றி விளைவது, அறுத்துத் தூற்றி உண்பது. சிறுகதையோடு வரிக்கு வரி இதைப் பொருத்த முயல வேண்டாம். ஆயினும் உச்சத்துக்கு அருகில் வரும் நிலைக்கு ‘விளைவு’ என்று பெயர் இருப்பது வகுப்பறைக்கு மிகவும் பயன்படும். மாணவர்கள் எழுதிய கதையின் உச்சக்கட்டத்தை அடிக்கோடிடச் சொல்லி, அதன் விதை முதல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று வட்டமிடச் சொல்லுங்கள். லாரி எந்த விதையில் முளைத்தது என்று அவர்களே தேடிப் பார்த்துக்கொள்வார்கள்.