ஆன்லைனில் 40 டாலர் கண்ணாடி வாங்கலாமா? முதலில் சீட்டில் இருக்கும் அந்தச் சுழியைப் பாருங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் கண்ணாடி மேல் உட்கார்ந்து பிரேமை உடைத்துவிட்டேன். மாலில் இருக்கும் கடையில் பிரேம், லென்ஸ், கோட்டிங் எல்லாம் சேர்த்து 420 டாலர் என்கிறார்கள். அதே பவருக்கு ஆன்லைனில் 40 டாலர்கூட வரவில்லை. மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் எடுத்த சீட்டு இருக்கிறது, 14 மாதம் பழையது. படம் இணைத்திருக்கிறேன். ஆன்லைன் கடையில் பி.டி. என்று ஏதோ கேட்கிறார்கள், அது சீட்டில் இல்லை. நம்பி வாங்கலாமா? அடுத்த மாதம் அம்மா வருகிறார், அவருக்கும் புரோகிரசிவ் இதிலேயே வாங்கிவிடலாமா?

பதில்: உங்களுக்கு வாங்கலாம். அம்மாவுக்கு வேண்டாம். அம்மா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த 420 டாலரில் லென்ஸுக்கான விலை சின்னப் பங்குதான். மிச்சமெல்லாம் பிரேமில் பொறித்திருக்கும் பெயருக்கு, மால் வாடகைக்கு, அப்புறம் உங்கள் முகத்தில் அளவெடுத்து, கண்ணாடி வந்ததும் காதிலும் மூக்கிலும் சரியாக உட்கார வைக்கிற ஆளின் வேலைக்கு. (லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடைகள், ரே-பான், ஓக்லி பிரேம்கள், ஐமெட் என்கிற கண் இன்ஷூரன்ஸ், ஐபைடைரக்ட் என்கிற ஆன்லைன் கடை, இத்தனையும் எசிலார்லக்ஸோட்டிகா என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். போட்டி இருந்தால் விலை தானே இறங்கும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) ஆன்லைனில் அளவெடுக்கும் வேலையை உங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள், அதனால்தான் விலை அவ்வளவு இறங்குகிறது. உங்களுடையது ஒரே பவர் கொண்ட தூரக் கண்ணாடி. அதற்கான அளவுகளை வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

இப்போது உங்கள் சீட்டு. வலது கண்ணுக்கு -4.50, சிலிண்டர் -1.25, ஆக்ஸிஸ் 150. இடது கண்ணுக்கு -4.00, சிலிண்டர் -0.75, ஆக்ஸிஸ் 165. (முதல் எண் ஸ்பியர், அதாவது அடிப்படைப் பவர். சிலிண்டர் என்பது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர், ஆக்ஸிஸ் அது நிற்க வேண்டிய கோணம்.) நீங்கள் இப்படித்தான் படித்திருப்பீர்கள், அப்படியே ஆன்லைனில் தட்டியும் இருப்பீர்கள். படத்தைப் பெரிதாக்கி இன்னொரு முறை பாருங்கள். இடது கண்ணில் 165-க்குப் பக்கத்தில் மேலே ஒரு குட்டிச் சுழி இருக்கிறது. அது டிகிரிக் குறி, ஏனென்றால் ஆக்ஸிஸ் 180-ஐத் தாண்டாது, 1650 என்று ஒன்று கிடையாது. அதாவது சீட்டு எழுதியவருக்கு டிகிரிக் குறி போடும் பழக்கம் இருக்கிறது. அப்படியென்றால் வலது கண்ணில் 15-க்குப் பக்கத்தில், மற்ற எண்களைவிடச் சின்னதாக, கொஞ்சம் தூக்கி எழுதியிருக்கும் அந்தச் சுழியும் பூஜ்யமாக இருக்க வாய்ப்பில்லை. அது 150 இல்லை, 15 டிகிரி.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. நிறையப் பேருக்கு இரண்டு கண்களின் ஆக்ஸிஸும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல அமைந்திருக்கும், இரண்டையும் கூட்டினால் 180-க்குப் பக்கத்தில் வரும். 15-ம் 165-ம் கூட்டிப் பாருங்கள். எல்லோருக்கும் இப்படி அமையாது, ஆனாலும் சந்தேகம் வரும்போது இது நல்ல துப்பு. இதை வைத்துக்கொண்டு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் உங்கள் பதிவு எண் இருக்கும், அதைச் சொல்லி போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 15 இருக்க வேண்டிய இடத்தில் 150 போட்டால் ஆக்ஸிஸ் 45 டிகிரி விலகிப்போகிறது. 30 டிகிரிக்கு மேல் விலகினாலே, சிலிண்டர் பவரே போடாத கண்ணாடியில் இதைவிட நன்றாகத் தெரியும். ஆன்லைன் கடைக்காரருக்கு இது தெரிய வழியே இல்லை. நீங்கள் தட்டிய எண்ணுக்குச் சரியாக லென்ஸ் செய்து அனுப்புவார், உங்களுக்குத் தலை சுற்றும், "ஆன்லைனில் வாங்கினாலே இப்படித்தான்" என்று நாலு பேரிடம் சொல்வீர்கள்.

சீட்டு 14 மாதம் பழையது என்கிறீர்கள். உடைந்ததில் கடைசி வரை நன்றாகத் தெரிந்தது என்றால் இப்போதைக்கு அந்தப் பவரிலேயே ஒன்று வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாகக் கண் செக்கப் செய்யலாம். பிரேம்தானே உடைந்தது, லென்ஸ் முழுசாக இருக்கிறதா? இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கண்ணாடிக்கடையிலும் லென்ஸ்மீட்டர் என்ற கருவியில் வைத்து ஒரு நிமிடத்தில் பவரும் ஆக்ஸிஸும் படித்துவிடுவார்கள், 15-ஆ 150-ஆ என்ற வழக்கும் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் லென்ஸ் தனியாகக் கழன்றிருந்தால் எது மேல்பக்கம் என்று தெரியாமல் ஆக்ஸிஸ் படிக்க முடியாது, அதனால் பிரேமில் இருந்தபடியே கொண்டுபோங்கள்.

வெளிநாட்டுச் சீட்டைக் கடைகள் ஏற்குமா என்பது கடையைப் பொறுத்தது. பல ஆன்லைன் கடைகளில் எண்களைத் தட்டினால் போதும், சில கடைகள் அமெரிக்க உரிமம் உள்ளவர் கொடுத்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும். அங்கேயே செக்கப் செய்துகொள்வதென்றால், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் படிப்புக்கான கல்லூரியும் அதற்கென்று கிளினிக்கும் இருக்கின்றன, கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள். மாணவர்கள் பார்ப்பார்கள், ஆசிரியர்கள் சரிபார்ப்பார்கள், நேரம் கொஞ்சம் இழுக்கும். காஸ்ட்கோ என்ற மெம்பர்ஷிப் கடையில் உட்காரும் கண் மருத்துவர்களிடம் செக்கப் மட்டும் செய்ய மெம்பர்ஷிப் தேவையில்லை, கண்ணாடி வாங்கத்தான் வேண்டும். எங்கே செய்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: செக்கப் முடிந்ததும், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தனிக் காசு வாங்காமல் சீட்டைக் கையில் கொடுத்தாக வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 1978-இல் கொண்டுவந்த விதி இது. "இங்கேயே கண்ணாடி வாங்கினால்தான் சீட்டு" என்று யாரும் சொல்ல முடியாது. 2024-இல் இதை இன்னும் இறுக்கி, சீட்டு பெற்றுக்கொண்டதாக உங்களிடம் கையெழுத்தும் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே டாக்டர் கொடுக்கும் சீட்டில் -5.75, சிலிண்டர் +1.25, ஆக்ஸிஸ் 105 என்று இருந்தால் பவர் ஏறிவிட்டது என்று பதறாதீர்கள். அது உங்கள் பழைய பவரேதான், சிலிண்டரைப் பிளஸில் எழுதும் முறை. அமெரிக்காவில் கண் டாக்டர்கள் பலர் இப்படி எழுதுவார்கள். சீட்டில் இருப்பதை அப்படியே தட்டுங்கள். ஸ்பியரை ஒரு சீட்டிலிருந்தும் சிலிண்டரை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கலந்துவிடாதீர்கள், பிளஸ் மைனஸை இரண்டு முறை பாருங்கள்.

இனி பி.டி. இரண்டு கண்மணிகளுக்கும், அதாவது விழியின் நடுவில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளுக்கும், இடையே உள்ள தூரம்தான் அது. மில்லிமீட்டரில் சொல்வார்கள், பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 54-க்கும் 74-க்கும் நடுவில் வரும். எஃப்.டி.சி. விதியில் இதைச் சேர்க்கவில்லை, அதனால்தான் பல இடங்களில் கொடுக்க மூக்கால் அழுவார்கள். அறை நண்பரை ஒரு முழம் தள்ளி, உங்கள் கண் மட்டத்துக்கு எதிரே உட்கார வையுங்கள். மில்லிமீட்டர் ஸ்கேலை உங்கள் புருவத்துக்குக் கீழே, மூக்கின் மேல் வையுங்கள். நண்பர் தன் வலது கண்ணை மூடிக்கொள்ள, நீங்கள் அவருடைய திறந்த இடது கண்ணைப் பாருங்கள். உங்கள் வலது கண்மணியின் நடுவில் அவர் ஸ்கேலின் பூஜ்யத்தைப் பொருத்தட்டும். ஸ்கேல் அசையாமல் இருக்க, அவர் இப்போது கண்ணை மாற்றி மூடட்டும், நீங்கள் அவருடைய வலது கண்ணுக்குப் பார்வையை மாற்றுங்கள். உங்கள் இடது கண்மணியின் நடுவுக்கு நேரே என்ன எண் வருகிறதோ அதுதான் பி.டி. மூன்று தடவை எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் முன்பின் வந்தால் பரவாயில்லை, நாலு வந்தால் யாரோ தலையை ஆட்டியிருக்கிறீர்கள். போன் ஆப்களும் இருக்கின்றன, ஸ்கேல் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே நிற்காவிட்டால் அந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். பவர் கூடக் கூட இழுப்பும் கூடும். -1.00 பவர்காரருக்கு மொத்தத்தில் 4 மில்லிமீட்டர் தப்பினால் 0.4 பிரிசம் (அந்த இழுப்பை அளக்கும் அலகு), அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. உங்கள் -4.50-க்கு அதே தப்பு 1.8 பிரிசம். கண்கள் நாள் முழுக்க அதைச் சமாளித்துவிட்டு, சாயங்காலம் தலைவலியாகத் திருப்பித் தரும்.

பிரேம் அழகைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கத்தில் 50, சின்னச் சதுரம், 18, பிறகு 140 என்று எழுதியிருக்கும். லென்ஸ் அகலம், மூக்கு இடைவெளி, கம்பி நீளம். முதல் இரண்டைக் கூட்டினால் 68. உங்கள் பி.டி. 62 என்றால் ஒரு கண்ணுக்கு 3 மில்லிமீட்டர்தான் மையத்தை உள்ளே தள்ள வேண்டும். இப்போது ஃபேஷனாகப் போடும் பெரிய பிரேம், 55-ம் 19-ம் என்றால் 74, கண்ணுக்கு 6 மில்லிமீட்டர் தள்ள வேண்டும், அத்தனையும் காதுப் பக்கத்து ஓரத்தில் தடிமனாக நிற்கும். மைனஸ் பவர்காரர்கள் சின்னப் பிரேம் எடுத்தாலே விலை கூடிய மெல்லிய லென்ஸின் பாதி வேலை முடிந்துவிடும். அதோடு, மூக்கில் வழுக்கி இறங்கும் தொல்லை இருந்தால் முழுப் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, வளைத்துச் சரிசெய்யக்கூடிய மூக்கு பேட் உள்ள மெட்டல் பிரேம் எடுங்கள். ஆன்லைனில் வாங்கியதைத் திருத்தித் தர உங்கள் பக்கத்தில் ஆள் இருக்காது.

லென்ஸில் உங்கள் பவருக்கு 1.61 போதும். (இது லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண், எண் கூடக் கூட லென்ஸ் மெல்லியதாகும்.) 1.74 என்று ஏற்றிவிடப் பார்ப்பார்கள், அது மைனஸ் எட்டு, ஒன்பது போடுபவர்களுக்கு. 1.59 என்பது பாலிகார்பனேட், எளிதில் உடையாது, ஆனால் ஓரங்களில் எழுத்தைச் சுற்றி வண்ணக் கீற்று தெரியும் என்று சிலர் குறைப்படுவார்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங்குக்குக் காசு கொடுங்கள், இரவில் வண்டி ஓட்டும்போது அருமை தெரியும். ப்ளூ லைட் கோட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டரால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்லிவிட்டது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வரி. அமெரிக்காவில் மெடிக்கல் வேறு, விஷன் வேறு. கம்பெனியில் விஷன் எடுத்திருந்தால் ஆன்லைனில் வாங்கிய பில்லைக் கொடுத்துக் கொஞ்சம் திரும்பப் பெற முடிகிறதா என்று கேளுங்கள். எஃப்.எஸ்.ஏ., அதாவது வரி பிடிக்கும் முன் சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கு ஒதுக்கும் கணக்கில் பணம் இருந்தால் பவர் கண்ணாடிக்கு அதைச் செலவழிக்கலாம், வருடக் கடைசியில் வீணாகப் போகாமல் இருக்கும்.

கண்ணாடி வந்ததும் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியாகத் தூரத்தில் இருக்கும் கதவு நிலையின் செங்குத்து விளிம்பைப் பாருங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடும் வெளியே மேலும் கீழும் தெரியும் கோடும் விட்டுப்போய் நிற்கும். கண்ணாடியை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் ஓரிடத்தில் இரண்டும் சேரும். உங்களுக்குச் சிலிண்டர் இருப்பதால் கோடு லேசாகச் சாய்ந்து தெரியும், லென்ஸின் நடு உயரத்தில் சேர்கிறதா என்று பார்த்தால் போதும். அங்கே மார்க்கரால் புள்ளி வையுங்கள். அடுத்த லென்ஸிலும் அப்படியே. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உங்கள் பி.டி. வர வேண்டும், ஓரிரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் விலகினால் உடனே திருப்பி அனுப்புங்கள், "பழகிவிடும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். அளவு சரியாக இருந்தும் தரை கொஞ்சம் சாய்ந்தது போல இருந்தால், அதற்கு ஒரு வாரம் பத்து நாள் கொடுக்கலாம்.

இனி அம்மா. வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் தூரம், நடு, கிட்டம் மூன்றும் ஒரே லென்ஸில் மேலிருந்து கீழாக அடுக்கியிருப்பதுதான் புரோகிரசிவ். பி.டி. மட்டும் போதாது, அவர் அந்தக் குறிப்பிட்ட பிரேமைப் போட்டுக்கொண்டு நேராக நிற்கும்போது கண்மணி லென்ஸில் எந்த உயரத்தில் வருகிறது என்று குறிக்க வேண்டும். ஆன்லைனில் பல கடைகள் பிரேமை வைத்து உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தப்பினாலே படிக்க முகவாயைத் தூக்க வேண்டியிருக்கும், மாடிப்படி இறங்கும்போது கால் எங்கே வைப்பது என்று தடுமாறும். மதுரையிலேயே அளவெடுத்துப் போடச் சொல்லுங்கள், புறப்படுவதற்கு முன் ஒரு வாரமாவது போட்டுப் பழகட்டும், இடித்தால் கடையில் கொண்டுபோய் வளைத்து வாங்கலாம்.

அவருக்குச் சர்க்கரை உண்டா? இருந்தால், சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் எடுத்த பவர் நிலைக்காது, சர்க்கரையோடு பவரும் மாறும். கட்டுக்குள் வந்து சில வாரம் ஆனபின் எடுத்தால்தான் அந்தக் காசுக்கு அர்த்தம். கண்புரை ஆபரேஷன் இப்போதுதான் ஆனது என்றாலும் நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். நேரம் போதவில்லை என்றால் சாதாரண ரீடிங் கிளாஸ் ஒன்றும் தூரக் கண்ணாடி ஒன்றும் தனித்தனியாகப் போட்டுக் கொண்டுவரட்டும், சில மாதத்துக்கு அது தாராளம்.

பின்னால் பார்சலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவுக்கு வரும் 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் கண்ணாடிகளும், ஊரில் உங்களுக்கென்று ஒன்று போடுவதாக இருந்தால் அதுவும், அவருடைய கைப்பையிலேயே வரட்டும். பெட்டியில் போட்டால் உங்கள் பிரேமுக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும்.